பூட்டிய வேகம்

நமது பாடநூல்களில் 'தாய்ப்பலகை' என்று ஓர் அழகான சொல் உண்டு. கணினியின் உறுப்புகள் அனைத்தையும் தன் மடியில் தாங்கி, அவற்றுக்கு மின்சாரத்தையும் செய்தியையும் ஊட்டுகின்ற அந்த அச்சுப் பலகைக்கு மிகப் பொருத்தமான பெயர்தான். ஆனால் கல்முனைக் கடைத்தெருவில் யாரும் அவ்வாறு சொல்வதில்லை. அங்கே அது 'போட்'. சற்று மரியாதையாகச் சொன்னால் 'மதர்போட்'. பெயர் எதுவாயினும், சிறுதொகையைக் கையில் வைத்துக்கொண்டு அதனைத் தெரிவு செய்ய நேர்பவர் சில கேள்விகளுக்கு முகங்கொடுத்தே ஆகவேண்டும். அக்கேள்விகள் மின்னியலில் தொடங்குகின்றன, மின்னியலோடு முடிந்துவிடுவதில்லை.

கதையும் கவிதையும் விமரிசனமும் வெளிவருகின்ற ஏட்டில் இதற்கு என்ன இடம் என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஒரு பொருளின் விலை எவ்வாறு தீர்மானமாகிறது, அதன் ஆற்றலில் எவ்வளவு நமக்குத் தரப்படுகிறது, எவ்வளவு நம் கையிலேயே இருந்தும் நமக்குப் பூட்டப்படுகிறது என்பவற்றை இலக்கிய ஏடுகள் பேசாவிட்டால் விளம்பர ஏடுகள்தாம் பேசும். அவை எவ்வாறு பேசும் என்பதை நாம் அறிவோம்.

பொத்துவிலில் கணிதம் கற்பித்து வருபவன் நான். என்னிடம் படித்த பெண்ணொருத்தி, உயர்தரப் பரீட்சைக்குப் பின்னர் வீட்டிலிருந்தே கலியாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுத்து வருகிறாள். எங்கள் ஊர்க் கலியாணங்களில் பெண்கள் பக்கம் தனி. அங்கே படம் பிடிப்பவளும் பெண். அப்படங்களை வெட்டி ஒட்டித் தொகுப்பவளும் பெண்ணாகவே இருக்கவேண்டும் என்பது பல குடும்பங்களின் நிபந்தனை. அந்தப் படங்கள் கொழும்புக் கலையகம் ஒன்றுக்கு அனுப்பப்படுவதோ, எங்கோ ஒரு தேசத்திலுள்ள வாடகைக் கணினியில் ஏற்றப்படுவதோ நினைத்தும் பார்க்க முடியாத காரியம். ஆகவே, வாப்பாவின் கடல்தொழில் வருமானம் படுத்துப்போகும் மாதங்களில் அந்த வீட்டு அடுப்பு எரிவதற்கு, அவளது அறையின் மூலையில் இருந்த ஒரு தகரப் பெட்டி பெருங்காரணமாக இருந்தது என்று சொல்வது மிகையாகாது.

அக்கரைப்பற்றில் மூடப்பட்ட இன்டர்நெட் கபே ஒன்றிலிருந்து பழைய விலைக்கு வந்த பெட்டி அது. உள்ளே ரைசன் 5 2600 என்னும் புரொசெசர். 2018 ஏப்ரலில் உலகச் சந்தைக்கு வந்த சரக்கு, ஆறு கருக்கள், அன்று அதன் விலை 199 டொலர். 2024 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள் அப்பெட்டி எழ மறுத்துவிட்டது. திறந்து பார்த்தால், தாய்ப்பலகையின் செப்புத் தடங்களில் பச்சை பூத்திருந்தது. கடலுக்கு இருநூறு யார் தூரத்தில் வீடு. உப்புக் காற்று இரும்பையே தின்னும், செம்பை விடுமா? புரொசெசர் பிழைத்திருந்தது. பலகை மாத்திரம் வாங்கவேண்டும். கையில் ஐந்து கலியாணங்களின் வேலை. உம்மா கட்டிய சீட்டில் விழுந்த 40,000 ரூபா, அத்தனையும் இதற்கே.

"சேர், வாங்குறதுதான் வாங்குறம், கொஞ்சம் கெதியா ஓடுற மாதிரி வாங்கேலாதா?" என்று கேட்டாள். ஒரு கலியாணத்தைத் தொகுத்து முடித்த பிறகு இறுதிப் படமாகச் சமைத்தெடுப்பதற்கு அவளது இயந்திரம் ஐந்து மணித்தியாலம் எடுத்துக்கொண்டிருந்தது. நியாயமான கேள்வி. புரொசெசரை அதன் உற்பத்தியாளர் குறித்த வேகத்துக்கு மேலாக ஓடவிடும் கலைக்கு ஓவர்குளொக்கிங் என்று பெயர். அதற்கு இடங்கொடுக்கும் பலகையும் உண்டு. கொடாத பலகையும் உண்டு.

அவளும் அவளது வாப்பாவும் நானுமாகக் கல்முனைக்குப் போனோம். கடைக்காரர் மூன்று பலகைகளை மேசையில் வைத்தார். முதலாவது ஏ320 என்னும் சில்லுத்தொகுதியைக் கொண்டது, 18,000 ரூபா. இரண்டாவது பி450, 27,500 ரூபா. மூன்றாவதும் பி450தான், ஆயின் அது வானவில் நிறங்களில் ஒளிர்ந்தது, 46,000 ரூபா. மூன்றிலும் ஒரே குழி. 1331 ஊசிகளைக் கொண்ட அதே புரொசெசர் மூன்றிலும் அமரும். அப்படியானால் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் என்ன வேறுபாடு?

"ஏ320 ல ஓவர்குளொக் ஏலாது," என்றார் கடைக்காரர்.

"ஏன் ஏலாது?" என்று வாப்பா கேட்டார். கடைக்காரர் சிரித்தார். "கம்பனி குடுக்கல்ல காக்கா."

இதைவிடச் சுருக்கமாகவும் சரியாகவும் எந்தப் பொறியியலாளனும் விடை சொல்ல முடியாது. ஏனெனில், இந்தப் புரொசெசரின் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கெண் புரொசெசருக்கு உள்ளேயே இருக்கிறது. பலகையிலுள்ள சில்லுத்தொகுதியின் வேலை, யு.எஸ்.பி. வாய்களுக்கும் வன்தட்டுகளுக்கும் வழிவிடுவது. வேகத்துக்கும் அதற்கும் மின்னியல் உறவு கிடையாது. 'இந்தப் பலகையில் அமர்ந்தால் உன் பெருக்கெண்ணை மாற்ற விடாதே' என்ற ஒரு கட்டளைதான் வேறுபாடு. பூட்டு வியாபாரத்தால் வந்தது, விஞ்ஞானத்தால் வந்ததன்று.

வாப்பாவுக்கு இது உடனே விளங்கியது. படகுகளின் வெளியிணைப்பு எஞ்சின்களில் 9.9 குதிரைவலுவும் 15 குதிரைவலுவும் நீண்ட காலமாக ஒரே உருளைகள், ஒரே கொள்ளளவோடு வந்திருக்கின்றன. காற்றும் எரிபொருளும் செல்லும் வழியைச் சற்றே குறுக்கினால் பதினைந்து பத்தாகிவிடும், விலைப்பட்டியலில் இரண்டாகிவிடும். கடலோரத்தில் இது பரம இரகசியம் அன்று. "அதே கதைதான் இதுவும்," என்று மகளுக்கு அவர் எடுத்துச் சொன்ன விதம், என் இருபது வருடப் போதனையை நாணச் செய்தது.

இப்பூட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1998 ஓகஸ்டில் இன்டெல் நிறுவனம் செலரோன் 300ஏ என்ற மலிவுப் புரொசெசரை 149 டொலருக்கு வெளியிட்டது. அதே நாட்களில் வந்த அதன் உயர்குலத்துச் சகோதரன் பென்டியம் 2, 450 மெகாஹேர்ட்ஸ். விலை 669 டொலர். செலரோனின் பெருக்கெண் 4.5, பலகை அதற்கு 66 மெகாஹேர்ட்ஸ் தாளத்தைக் கொடுத்தால் 300 மெகாஹேர்ட்ஸ். ஏபிட் என்ற தாய்வான் நிறுவனத்தின் பிஎச்6 போன்ற பலகைகளில், திரையில் தோன்றும் பட்டியலிலேயே அத்தாளத்தை 100 என மாற்ற முடிந்தது. 4.5 ஐ 100 ஆல் பெருக்கினால் 450. பல்லாயிரம் மாணவர்கள் அக்கணக்கைச் செய்து பார்த்தார்கள். மிகப் பெரும்பாலான செலரோன்கள் முனகாமல் ஓடின. 149 டொலர்காரன் 669 டொலர்காரனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான். பலகையைத் தெரிவு செய்வதே பாதித் தொழில் என்ற பேச்சு அன்றுதான் வேரூன்றியது.

2000 ஆம் ஆண்டில் ஏஎம்டி நிறுவனத்தின் அத்லோன், டியூரோன் சில்லுகளின் மேற்பரப்பில் வெட்டப்பட்ட சிறு செப்புப் பாலங்கள் இருந்தன. பெருக்கெண்ணைப் பூட்டும் பாலங்கள் அவை. அவற்றின் இடைவெளியில் ஒரு பென்சிலால் கோடிழுத்தால் காரீயக் கரி மின்சாரத்தைக் கடத்தும், பூட்டுத் திறந்துவிடும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் பையிலுள்ள பென்சில் ஒரு கம்பனியின் விலைப்பட்டியலைக் குலைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் இன்பம்.

கம்பனிகள் பாடம் படித்துக்கொண்டன. 2010 இல் இன்டெல், பென்டியம் ஜி6951 என்ற சில்லோடு 50 டொலர் அட்டை ஒன்றை விற்றுப் பார்த்தது. அட்டையைச் சுரண்டி இலக்கத்தைக் கணினிக்குச் சொன்னால், நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிவிட்ட சில்லுக்குள் உறங்கிக்கொண்டிருந்த ஒரு பகுதி விழித்தெழும். எதிர்ப்பு வலுக்கவே மறு வருடமே அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் 2011 ஜனவரியில் வந்த தலைமுறையில் அதே எண்ணம் வேறு உடை உடுத்தது. பெயரின் இறுதியில் 'கே' என்ற எழுத்துள்ள சில்லுக்கு மட்டுமே திறந்த பெருக்கெண். அதற்கும் விலையுயர்ந்த பலகைதான் துணை. 2015 இறுதியில் பலகை தயாரிப்பாளர் சிலர் 'கே' இல்லாத சில்லுகளையும் விரைவுபடுத்தும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அஸ்ரொக் நிறுவனம் அதற்கொரு பெயரிட்டு விளம்பரமும் செய்தது. 2016 பெப்ரவரிக்குள் புதிய பயோஸ் பதிப்புகளில் அவ்வழி காணாமற் போயிற்று.

ஏஎம்டி 2017 இல் தன் ரைசன் வரிசை முழுவதையும் திறந்த பெருக்கெண்ணோடு விற்றபோது பலர் அதை ஏழைகளின் தோழனாகவே கொண்டாடினார்கள். கொண்டாட்டத்தில் சற்று நிதானம் வேண்டும். ஏ320 இல் பூட்டு மாட்டியதும் அதே ஏஎம்டிதான். எங்கள் 2600 சில்லுக்குள் உண்மையில் எட்டுக் கருக்கள் உள்ளன, இரண்டு முடக்கப்பட்டிருக்கின்றன. பழுதானதால் முடக்கப்பட்டவையும் உண்டு. ஆறு கருச் சில்லுக்குச் சந்தை இருப்பதால் முடக்கப்பட்டவையும் உண்டு. 2020 மே மாதத்தில், வரவிருக்கும் புதிய சில்லுகள் பி450 பலகைகளில் ஓடமாட்டா என்று அந்நிறுவனம் அறிவித்தது. வாங்கி இரண்டு வருடமும் ஆகாத பலகைகளைக் கழித்துவிடச் சொல்லும் அறிவிப்பு அது. உலகெங்கிலுமிருந்து பாவனையாளர்கள் போட்ட கூச்சலில், அதே மாதம் 19 ஆம் திகதி நிறுவனம் தன் சொல்லை மாற்றிக்கொண்டது. இரு கிழமைக்குள் 'முடியாதது' முடிந்துவிட்டது! 2022 இல் ஏ320 க்கும் அக்கதவு திறந்தது. தொழில்நுட்பக் காரணம் என்று சொல்லப்படுபவற்றில் எத்தனை உண்மையாகவே தொழில்நுட்பக் காரணம் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சரி, பூட்டுத் திறந்த பலகைதான் வேண்டும். 27,500 ஆ, 46,000 ஆ? இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத உறுப்பொன்றைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. பலகை வாங்குபவர்களில் பத்தில் ஒருவர்கூட அதைக் கேட்பதில்லை. பெட்டியின் மேலே அதன் படமும் இருப்பதில்லை.

மின்வழங்கியிலிருந்து பலகைக்கு வருவது 12 வோல்ட். புரொசெசர் உண்பதோ 1.2 அல்லது 1.3 வோல்ட். பெருவெள்ளத்தை வாய்க்காலுக்கு ஏற்றவாறு இறக்கித் தரும் மதகு போல, இடையே ஒரு மின்னழுத்தச் சீராக்கி தொழிற்படுகிறது. புரொசெசரைச் சுற்றி வரிசையாக நிற்கும் சதுரக் கட்டிகளும், அவற்றருகே விரல்நக அளவான கறுப்புச் சில்லுகளும், சிறு டப்பாக்கள் போன்ற மின்தேக்கிகளும் சேர்ந்ததே அது. வேகப்படுத்திய புரொசெசர் 100 வாட் உண்கிறது என்று வையுங்கள். 1.25 வோல்ட்டில் 100 வாட் என்றால் 80 அம்பியர் மின்னோட்டம். இலங்கையில் ஒரு சாதாரண வீட்டுக்கு மின்சார சபை தரும் இணைப்பு பெரும்பாலும் 30 அம்பியர். வோல்ட்டளவு வேறு என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிடக்கூடாதுதான். எனினும், ஒரு தீப்பெட்டியின் நீளமுள்ள இடத்தினூடாக 80 அம்பியர் பாய்கிறது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், அந்த இடத்தை எவ்வளவு நேர்மையாகக் கட்டவேண்டும் என்பது விளங்கும்.

அம்மின்னோட்டத்தை ஒரே வழியில் அனுப்பாமல் பல 'கட்டங்களாக'ப் பிரித்து அனுப்புவார்கள். நான்கு கட்டங்களானால் ஒவ்வொன்றுக்கும் 20 அம்பியர், எட்டானால் 10. வெப்பமாகும் இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும். (வர்க்கம் என்றதும் நமது வாசகர்கள் வேறு பொருள் கொள்ளக்கூடும், நான் சொல்வது கணித வர்க்கம்.) நான்கு கட்டங்களில் இழப்பு, 4 தடவை 400, அதாவது 1600 பங்கு, எட்டில், 8 தடவை 100, அதாவது 800 பங்கு. சுமையை அதிகம் பேர் பகிர்ந்தால் மொத்த இழப்பே பாதியாகிறது. இதனைப் பத்தாம் வகுப்பில் கணக்காகக் கொடுத்தேன், இரண்டாம் வரிசைப் பையன் ஒருவன், "அப்ப கம்பனி ஏன் சேர் எட்டு வெக்கல்ல?" என்று கேட்டான். மலிவுப் பலகைகள் சிலவற்றைத் திருப்பிப் பாருங்கள்: கூடுதல் உறுப்புகளுக்கு இடம் அச்சிடப்பட்டிருக்கும்; ஈயப் புள்ளிகளும் இருக்கும்; உறுப்பு மட்டும் இராது. அதே அச்சில் விலை கூடிய தம்பியொருவனும் தயாராகிறான் என்பது அதன் பொருள்.

கட்டங்களின் எண்ணிக்கையும் முழு உண்மையைச் சொல்வதில்லை. நான்கு கட்டங்களை இரட்டித்து எட்டெனப் பெட்டியில் அச்சிடுவோர் உளர். மறுபுறம், எம்.எஸ்.ஐ. நிறுவனத்தின் பி450 டொமஹோக் என்ற பலகை, புரொசெசரின் கருக்களுக்கு நான்கே கட்டங்களை வைத்தபோதிலும், ஒவ்வொன்றிலும் இரட்டை மொஸ்பெட்டுகளை இட்டு, மேலே கனத்த அலுமினியத்தையும் வைத்ததால் பாராட்டுப் பெற்றது. ஆகவே வாங்குபவர் பார்க்கவேண்டியது, சீராக்கியின் மேல் உண்மையான உலோகக் கட்டி இருக்கிறதா, அது திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா, அல்லது பிளாஸ்டிக் மூடியை உலோக நிறத்தில் பூசி ஏமாற்றுகிறார்களா என்பதைத்தான். கடைக்காரரின் ஒளிரும் பலகையில் உலோகத்தைவிடப் பிளாஸ்டிக்கே அதிகம் இருந்தது. அதன் பெட்டியில் 'இராணுவத் தரம்' என்று வேறு பொறித்திருந்தார்கள். கிழக்கு மாகாணத்தில் விற்பனையைக் கூட்டக்கூடிய சொல்லா அது!

இன்னொன்று, பலகைகளை ஆராய்ந்து எழுதுவோர் குளிரூட்டிய அறைகளில், 20 அல்லது 22 பாகை வெப்பத்தில் அளக்கிறார்கள். பொத்துவிலில் கச்சான் காற்று வீசும் நண்பகலில் ஓட்டு வீட்டு அறையொன்றில் 34 பாகை. அவர்களது அட்டவணையில் 80 பாகை என்று காண்பது இங்கே 92 ஆகும். திரவ மின்தேக்கிகளின் ஆயுள் ஒவ்வொரு 10 பாகை ஏற்றத்துக்கும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாளரின் பழைய விதி. 2000 ஆம் ஆண்டை அடுத்து உலகெங்கும் பலகைகளில் மின்தேக்கிகள் வீங்கி வெடித்த காலம் ஒன்று இருந்தது. அதன் விளைவாக 2005 இல் டெல் நிறுவனம் மாத்திரம் 300 மில்லியன் டொலர் செலவைக் கணக்கில் எழுதியது. பிற்காலப் பலகைகளில் திண்மக் மின்தேக்கிகள் பரவலாகிவிட்டன என்பது ஓர் ஆறுதல். வெப்பநாட்டு ஏழை, குளிர்நாட்டுப் பணக்காரனைவிட நல்ல சீராக்கியை வாங்கவேண்டியவனாக இருக்கிறான் என்பது மாத்திரம் மாறவில்லை.

வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதையும் பணம் எண்ணுமுன் பார்த்துவிட வேண்டும். சில்லின் மின்நுகர்வு வேகத்துக்கு நேராகவும், வோல்ட்டளவின் வர்க்கத்துக்கு நேராகவும் ஏறுகிறது. 3.6 கிகாஹேர்ட்ஸிலிருந்து 4.0 க்கு ஏற்றினால் வேகம் 11 வீதம் கூடும். அதற்கென 1.2 வோல்ட்டை 1.35 ஆக்கவேண்டி வந்தால், 1.11 ஐ 1.27 ஆல் பெருக்க வேண்டும், விடை 1.41. பதினொரு பங்கு வேகத்துக்கு நாற்பத்தொரு பங்கு வெப்பம்! கடைசித் துளி வேகம்தான் எப்போதும் மிக விலையுயர்ந்தது. மின்கட்டணம் 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் ஏற்றப்பட்ட விதத்தை நாடே அறியும். மேலதிகமாக 30 வாட், நாளுக்கு 6 மணித்தியாலம் என்றால் மாதத்துக்கு 5.4 அலகு. அது தனியே பெரிதன்று. ஆனால் 57 அலகில் நிற்கும் வீட்டை 60 க்கு அப்பால் தள்ளிவிட்டால் கட்டண வகுப்பே மாறிவிடும். அந்தப் பெண்ணின் உம்மா இந்தக் கணக்கை எங்கள் எல்லோருக்கும் முன்பே போட்டு வைத்திருந்தார்.

என் சக ஆசிரியர் ஒருவர், இளைஞர், முற்போக்கான எண்ணங்கள் உடையவர், இந்த முயற்சியையே பரிகசித்தார். "ஓவர்குளொக்கிங் பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு; அந்தக் காசைச் சேர்த்து வைத்துப் புதிய புரொசெசர் வாங்கச் சொல்லுங்கள்" என்றார். அவரது வாதத்தில் இன்றைய நிலையைப் பொறுத்தவரை பாதி உண்மை உண்டு. இல்லாமையிற் பிறந்த கலையைக் கம்பனிகள் தத்தெடுத்து, சில்லைவிட விலை கூடிய பலகைகளாக்கி விற்கின்றன. அது மட்டுமல்ல, சில்லுகளில் மிச்சமிருந்த வேகத்தையும் தொழிற்சாலையிலேயே பிழிந்தெடுத்து விடுகிறார்கள். இன்டெல்லின் 13 ஆம், 14 ஆம் தலைமுறைச் சில்லுகள் மிகைவோல்ட்டினால் தளர்ந்து போனமை 2024 இல் வெளிப்பட்டு, அந்நிறுவனம் உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டவேண்டி வந்தது இந்தப் பிழிதலோடு தொடர்புடையதே. ஆயினும் நண்பர் ஒன்றை மறந்துவிட்டார். பழைய சில்லு கையில் இருக்கிறது. பலகையோ எப்படியும் வாங்கியே தீரவேண்டும். நல்ல சீராக்கியுள்ள பி450 ஒன்றை இன்று வாங்கினால், 2020 இல் பாவனையாளர்கள் கூச்சலிட்டு வாங்கிய உரிமையின் பயனாக, இரண்டு வருடம் கழித்து ரைசன் 5 5600 போன்ற புதிய சில்லு ஒன்றை அதே குழியில் அமர்த்தலாம். அப்போது பலகைக்கு மறுபடி சீட்டுக் கட்ட வேண்டியதில்லை.

கடைக்காரரிடம் விலை பேசினோம். அவரையும் குறை சொல்வதற்கில்லை. 2022 மார்ச்சுக்கு முன் டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு விலை, அதைப் பஸ்ஸில் ஏற்றிக் கல்முனைக்குக் கொண்டுவந்தால் இன்னொரு விலை. தாய்வானில் வடிவமைத்து, சீனத்துத் தொழிற்சாலையொன்றில் பெண்தொழிலாளர் விரல்கள் தொட்டுச் சோதித்த ஒரு பலகை, எங்கள் கரைக்கு வந்துசேர எத்தனை கை இலாபம் வைக்கிறதோ, அத்தனைக்கும் அந்த உம்மாவின் சீட்டு விடை சொல்லவேண்டியிருந்தது. 27,500 ஐ 26,000 ஆக்கினார். ஒளியில்லாத பலகை, சீராக்கியின் மேல் திருகிய அலுமினியம். விளம்பரத்தில் காண முடியாத சாதாரண முகம். அதோடு 7,000 ரூபாவுக்கு ஒரு காற்றாடிக் குளிர்த்தி. மீதி 7,000 ஐ உம்மாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

வேகத்தை ஏற்றும் வேலையை அவளே செய்தாள். நான் பக்கத்தில் இருந்து குறிப்பெழுதினேன். ஒரு நேரத்தில் 25 மெகாஹேர்ட்ஸ். ஒவ்வோர் ஏற்றத்துக்குப் பிறகும் பிரைம்95 என்ற நிரலால் சோதனை. பகா எண்களைத் தேடுவதற்கென 1996 இல் தொடங்கிய கூட்டு முயற்சியின் நிரல் அது. விடை முன்கூட்டியே தெரிந்த பெருங்கணக்குகளைப் புரொசெசரிடம் கொடுத்து, ஓர் இலக்கம் பிழைத்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். கணித ஆசிரியனுக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் பரீட்சகர் கிடையார். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு வேகத்தைப் பெருமையடிக்கும் பையன்கள் ஊரில் உண்டு. விளையாட்டில் ஓர் இலக்கம் பிழைத்தால் திரை உறையும், மறுபடி தொடங்கலாம். கலியாணப் படத்தில் பிழைத்தால், யாரோ ஒருத்தியின் வாழ்வில் ஒரே ஒரு தடவை வந்த மருதாணி இரவு கெட்டுப்போகும். மூலப்படங்களின் பிரதியை வேறொரு வன்தட்டில் வைக்காமல் பயோஸைத் தொடுவதில்லை என்பது அவளே வகுத்துக்கொண்ட சட்டம்.

4.0 வரை போயிற்று; ஆனால் அதற்கு 1.35 வோல்ட் கேட்டது. வெப்பத்தைப் பார்த்து அதைக் கைவிட்டோம். 3.95 இரவு முழுவதும் நின்றது. ஓகஸ்டில் கச்சான் வீசிய ஒரு பகல் இரண்டு மணிக்கு, நாற்பதாவது நிமிடத்தில் கணக்கு பிழைத்தது. 3.85 இல், 1.225 வோல்ட்டில், பகலும் இரவும் பிழையின்றி நின்றது. நினைவகத்தையும் அதன் உரிய வேகத்துக்குத் திருத்தியதில் இன்னும் சற்று நேரம் மிஞ்சியது. ஐந்து மணித்தியாலம் எடுத்த வேலை நான்கு மணி முப்பத்தெட்டு நிமிடத்துக்கு வந்தது. இருபத்திரண்டு நிமிடம்! கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கவில்லை, மாதத்துக்கு எட்டுக் கலியாணம் என்று பெருக்கிப் பார்த்தாள்.

டிசெம்பரில் மாரி பிடித்து ஊர் குளிர்ந்ததும் 3.95 ஐ மறுபடி வைத்தாள், நின்றது. அந்த வேகத்தில் ஒரு படம் மூன்று மணித்தியாலம் சமைந்துகொண்டிருந்தபோதுதான், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் மின்சாரம் போயிற்று. அடுத்த சீட்டு யு.பி.எஸ். ஒன்றுக்கு என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. வெயில் ஏறத் தொடங்கியபோது 3.85 க்கே திரும்பி வந்துவிட்டாள்.